மாத வாடகை இல்லை. கொடுத்த பணம் திரும்புமா? மதுரையில் 'ஒத்தி' வீடு எடுப்போர் கவனிக்க வேண்டியவை

மதுரை, -

மதுரையில் வீடு தேடி அலைகிறவரிடம் தரகர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ரூம் வேணும்?" என்பது அல்ல.

"வாடகைக்காண்ணே, ஒத்திக்காண்ணே?" என்பதுதான்.

வாடகை என்றால் மாதம் பிறந்ததும் பணம் எடுத்து வைக்க வேண்டும். ஒத்தி என்றால் அந்தத் தொல்லை இல்லை. சில லட்சம் ரூபாயை ஒரே தடவையில் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, பால் காய்ச்சிக் குடியேறிவிடலாம். மாத வாடகை கிடையாது. கொடுத்த பணத்துக்கு வட்டியும் கிடையாது. 2 வருடமோ 3 வருடமோ கழித்து, வீட்டைக் காலி செய்யும் அன்று, கொடுத்த பணம் குறையாமல் திரும்பி வரும்.

வரும் என்பது பேச்சு. வராமல் போனால்?

ஒத்திக்குக் கொடுக்கும் பணம் சும்மா கிடந்த பணம் அல்ல. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தது, ஊரில் நிலத்தை விற்றது, வேலையை விட்டு வந்தபோது கிடைத்த பி.எப். தொகை, நகையை விற்றுப் புரட்டியது - இப்படித்தான் அந்தப் பணம் திரளுகிறது. அது போனால் குடும்பம் எழுந்திருக்கப் பல வருடம் ஆகும்.

சென்னையில் இதை 'லீஸ்' என்பார்கள். சில மாவட்டங்களில் 'போக்கியம்' என்பார்கள். மதுரையில் பட்டிதொட்டி எல்லாம் தெரிந்த பேர் 'ஒத்தி'.

வீட்டுச் சுவரில் 'ஒத்திக்கு' என்று எழுதி டெலிபோன் நம்பர் போட்டிருப்பதை வில்லாபுரத்திலும் பார்க்கலாம், செல்லூரிலும் பார்க்கலாம், ஆனையூரிலும் பார்க்கலாம்.

கோட்டைக்குள் இடம் இல்லை

மதுரை பழைய ஊர். கோவிலை நடுவில் வைத்து, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று வளையம் வளையமாக வளர்ந்த ஊர்.

ஒரு காலத்தில் ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். வெளி வீதிகள் அப்படிப் பிறந்தவை. அந்த வேலையில் ஈடுபட்ட பெருமாள் மேஸ்திரி, மாரெட் ஆகியோர் பேரில் இன்றும் வீதிகள் இருக்கின்றன.

அந்தப் பழைய ஊருக்குள் இன்றைக்குக் குடித்தனத்துக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. கீழமாசி வீதிப் பக்கம் மளிகை மொத்த வியாபாரம். தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக் கடைகள். ரெயில் நிலையத்துக்கு எதிரே லாட்ஜுகள். குடித்தனம் இருந்த வீடுகள் பலவும் கடையாகவும், கிட்டங்கியாகவும், விடுதியாகவும் மாறிவிட்டன.

மேலே மாடி எழுப்பலாம் என்றால் அதற்கும் வரம்பு உண்டு. மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றி 1 கிலோ மீட்டர் தூரத்துக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டிடம் கட்டக் கூடாது என்று 1997-ல் அரசாணை வந்தது. கோபுரத்தை மறைக்கக் கூடாது என்பது நியாயமான காரணம். ஆனால் கீழே உள்ள இடம் கடைக்குப் போய்விட, குடும்பங்கள் வெளியே நகர வேண்டியதாயிற்று.

வைகைக்கு வடக்கே தல்லாகுளம், நரிமேடு, பீ.பீ.குளம், கே.புதூர், தெற்கே வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம், பழங்காநத்தம் என்று ஊர் பரவியது. 1971-ல் மாநகராட்சி ஆன மதுரை, 2011-ல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் ஆகிய நகராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு 100 வார்டு ஆனது.

மாட்டுத்தாவணிக்குப் பஸ் நிலையம் 1999-ல் போனது. ஐகோர்ட்டு கிளை 2004-ல் ஒத்தக்கடை பக்கம் வந்தது. நத்தம் ரோட்டில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. புதிதாக ஒன்று வரும் திசையில் மனை விலை எகிறுகிறது. 'இப்ப வாங்கினாத்தான் உண்டு' என்ற பேச்சும் கூடவே வருகிறது.

வாங்கினால் என்ன?

வாங்கலாம். கையில் எவ்வளவு வேண்டும்?

40 லட்சம் ரூபாயில் ஒரு சின்ன வீடு என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் பாங்கி தரலாம் என்பது ரிசர்வ் பாங்கி விதி. ஆக 32 லட்சம் கடன். பாக்கி 8 லட்சம் கைப்பணம்.

அதோடு முடியவில்லை. பத்திரப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் - மொத்தம் 9 சதவீதம். பதிவுக் கட்டணம் 2017 முதல் 4 சதவீதமாக இருந்து, 2023-ல் 2 சதவீதமாகக் குறைந்தது. குறைந்த பிறகும் 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் செலவு.

ஆக, வீட்டுக்குள் கால் வைக்கு முன் கையில் 11 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் இருக்க வேண்டும். அப்புறம் 8 சதவீத வட்டியில் 20 வருடத் தவணை என்றால், மாதம் 26,700 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும்.

கடையில் கணக்கு எழுதுகிறவருக்கும், ஆட்டோ ஓட்டுகிறவருக்கும், தனியார் பள்ளிக்கூட ஆசிரியைக்கும் இது ஆகிற காரியமா? ஆகாது.

கையில் 6 லட்சம் இருக்கிறது. வீடு வாங்கப் பத்தாது. பாங்கியில் போட்டால் வட்டி கொஞ்சம்தான். வாடகையோ வருடா வருடம் ஏறுகிறது. அந்த இடத்தில்தான் ஒத்தி கண்ணுக்குத் தெரிகிறது.

ஒத்திக் கணக்கு

மாதம் 8 ஆயிரம் ரூபாய் வாடகை போகிற வீடு. அதே வீட்டை 6 லட்சம் ரூபாய் ஒத்திக்குத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

வாடகைக்கு இருந்தால் வருடத்துக்கு 96 ஆயிரம் ரூபாய் போகும். ஒத்திக்குப் போனால் 6 லட்சத்துக்கு பாங்கியில் வரக்கூடிய வட்டிதான் நஷ்டம். 6½ சதவீதம் என்றால் வருடத்துக்கு 39 ஆயிரம். மாதத்துக்கு 3,250 ரூபாய்.

8 ஆயிரம் ரூபாய் வீட்டில் 3,250 ரூபாய்க்குக் குடியிருந்த மாதிரி! யாருக்குத்தான் ஆசை வராது?

சரி, வீட்டுக்காரர் ஏன் சம்மதிக்கிறார்? வருடத்துக்கு 96 ஆயிரம் ரூபாய் வாடகையை ஒருவர் சும்மா விட்டுக்கொடுப்பாரா?

அவருக்கு 6 லட்சம் தேவைப்படுகிறது. 6 லட்சத்துக்கு 96 ஆயிரம் என்றால் 16 சதவீத வட்டி. பாங்கியில் கடன் கேட்டால் வருமானச் சான்று வேண்டும், பத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும், பழைய கடன் பாக்கி இருக்கக் கூடாது. வெளியில் வாங்கினால் நூற்றுக்கு 2 வட்டி - அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். ஒத்தி அதைவிட லாபம். மாதா மாதம் வட்டி கட்டும் தலைவலியும் இல்லை.

இதில்தான் முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது.

ஒத்திக்கு வீடு எடுப்பவர் தன்னைக் குடித்தனக்காரர் என்று நினைக்கிறார். வீட்டுக்காரரைப் பார்த்து, "ஐயா, வீட்டைத் தர்றீங்களா?" என்று பணிவாகக் கேட்கிறார். உண்மையில் அவர்தான் கடன் கொடுப்பவர்! வீட்டுக்காரர்தான் கடன் வாங்குகிறவர்!

6 லட்சம் கடன் கேட்டால் பாங்கி மானேஜர் என்ன செய்வார்? மூலப்பத்திரம் கேட்பார். வில்லங்கம் பார்ப்பார். வாரிசு யார் யார் என்று கேட்பார். வக்கீலிடம் கருத்துக் கேட்பார். வீட்டைப் பதிவு செய்து அடமானம் வாங்குவார். அப்புறம்தான் ஒரு ரூபாய் கை மாறும்.

ஒத்திக்குக் கொடுப்பவர் என்ன செய்கிறார்? குழாயில் தண்ணீர் வருகிறதா, மோட்டார் ஓடுகிறதா, பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு முத்திரைத் தாளில் இரண்டு கையெழுத்து. அவ்வளவுதான். பணம் போய்விட்டது.

பாங்கி நோட்டீசு

ஒத்தியில் பணம் மாட்டிக்கொள்ளும் வழிகள் பெரும்பாலும் நான்கு.

முதலாவது, வீட்டின் மேல் ஏற்கனவே பாங்கிக் கடன் இருப்பது.

வீட்டுக்காரர் பத்திரத்தை பாங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருப்பார். அது தெரியாமல் ஒருவர் ஒத்திக்கு வருவார். வீட்டுக்காரர் தவணை கட்டாமல் நிறுத்திவிடுவார். 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் அது வராக்கடன் ஆகும். அப்புறம் 2002-ம் வருட சர்பாசி சட்டப்படி 60 நாள் கெடுவுடன் நோட்டீசு. அதற்கும் பணம் வராவிட்டால் வீட்டைச் சுவாதீனம் எடுப்பதாகக் கதவில் நோட்டீசு ஒட்டுவார்கள். பத்திரிகையில் ஏல விளம்பரம் வரும்.

ஒத்திக்காரருக்கு விஷயம் தெரிவதே கதவில் நோட்டீசு ஒட்டும் அன்றுதான்!

முதலில் அடமானம் வாங்கியது பாங்கி. பிறகு வந்தவர் ஒத்திக்காரர். ஏலப் பணத்தில் முதல் கை பாங்கியின் கை. மிச்சம் இருந்தால்தான் மற்றவருக்கு. குடியிருப்பவர்கள் தங்கள் உரிமையைச் சொல்லிக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 2016-ல் சட்டத்தில் வழி செய்தார்கள். மதுரையிலேயே அந்தத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் கையில் பதிவான பத்திரம் இல்லாமல் அங்கே போய் நின்றால், வாதத்துக்குப் பலம் கம்மி.

வீட்டுக்காரர் வேறு, வாங்கினவர் வேறு

இரண்டாவது, வீட்டுக்கே சொந்தம் இல்லாதவர் ஒத்திக்கு விடுவது.

ஒருவர் வீட்டை மாத வாடகைக்கு எடுப்பார். சாவி கைக்கு வந்ததும், அதே வீட்டை இன்னொருவருக்கு ஒத்திக்கு விட்டுப் பல லட்சம் வாங்கிக்கொள்வார். சில மாதம் உண்மையான வீட்டுக்காரருக்கு வாடகையை ஒழுங்காகக் கொடுப்பார். யாருக்கும் சந்தேகம் வராது.

ஒருநாள் ஆள் இருக்க மாட்டார். டெலிபோன் அடித்தால் எடுக்க மாட்டார்.

வீட்டுக்காரர் வந்து, "நாலு மாச வாடகை பாக்கி, நீங்க யாரு?" என்று கேட்பார்.

"நான் ஒத்திக்கு இருக்கேங்க. பணம் குடுத்துருக்கேன்" என்பார் இவர்.

"யாருகிட்ட குடுத்தீங்க? எங்கிட்டயா குடுத்தீங்க?"

இருவருமே ஏமாந்தவர்கள். ஆனால் வீடு வீட்டுக்காரருக்கு இருக்கிறது. பணம் போனது ஒத்திக்காரருக்குத்தான். போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாம். ஆள் கிடைத்தாலும் பணம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பங்காளி வந்தார்

மூன்றாவது, பாகம் பிரியாத வீடு.

பழைய ஊரில் இது சர்வசாதாரணம். தாத்தா பேரில் பத்திரம். அவருக்கு 5 பிள்ளைகள். அவர்களில் ஒருவர் மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்வார். வீட்டு வரி ரசீதும், கரண்டு பில்லும் அவர் பேரில் இருக்கும். ஒத்திப் பணத்தையும் அவரே வாங்கிக்கொள்வார்.

அவர் கண்ணை மூடினால், சென்னையில் இருந்து அண்ணன் வருவார், கோவையில் இருந்து அக்கா வருவார். "எங்க தம்பி வாங்குனதுக்கு நாங்க பொறுப்பில்ல. எங்க பங்கை விடுங்க" என்பார்கள். ஒருவர் தனக்கு உள்ள பங்கைத்தான் ஒத்தி வைக்க முடியும். மற்றவர் பங்கை வைக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

வரி ரசீது என்பது வரி கட்டியதற்குச் சான்று. வீடு அவருக்குச் சொந்தம் என்பதற்குச் சான்று அல்ல. இது பலருக்குத் தெரிவதில்லை.

'அடுத்த ஆள் வரட்டும்'

நான்காவதுதான் அதிகம் நடப்பது. இதில் மோசடி எதுவும் இல்லை.

வீட்டுக்காரர் நல்லவர். பத்திரம் சுத்தம். ஆனால் வாங்கிய 6 லட்சம் அப்போதே செலவாகிவிட்டது. மகனுக்குக் காலேஜ் பீஸ், இருந்த கடன், ஆஸ்பத்திரிச் செலவு. கெடு முடிந்து பணம் கேட்டால், "ஒரு ரெண்டு மாசம் பொறுங்க தம்பி. அடுத்த ஆள் வந்ததும் வாங்கித் தந்துடறேன்" என்பார்.

அதாவது, அடுத்த ஒத்திக்காரர் கொண்டுவரும் பணம்தான் இவருக்கு வரவேண்டிய பணம். அடுத்தவருக்கு, அதற்கு அடுத்தவர். இந்தச் சங்கிலி ஓடுகிற வரை யாருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்தில் புது வீடுகள் வந்து ஒத்தி விலை இறங்கினாலோ, சுவர் விரிசல் விட்டு வீடு பாழானாலோ, சங்கிலி அறுந்துவிடும்.

ஒத்தி வீடு பாழாவதற்கும் காரணம் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு மாத வருமானம் இல்லை. அதனால் மோட்டார் ரிப்பேரோ, சாக்கடை அடைப்போ, மேல்தளம் ஒழுகுவதோ - எதற்கும் கையை விட மாட்டார். "சும்மாதானே இருக்கீங்க, நீங்களே பார்த்துக்குங்க" என்பார். குடியிருப்பவரோ, "அடுத்தவர் வீட்டுக்கு நாம ஏன் செலவு பண்ணணும்?" என்பார். நடுவில் வீடு சரிகிறது.

அதே சமயம் வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வயதான காலத்தில் மகள் கல்யாணத்துக்காக வீட்டை ஒத்தி வைத்துவிட்டு, மீட்க வழி இல்லாமல், தன் வீட்டு வாசலில் தானே விருந்தாளி மாதிரி வந்து நிற்கும் பெரியவர்களும் இந்த ஊரில் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒத்தி சட்ட விரோதமானது அல்ல. 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 58-வது பிரிவிலேயே இதற்கு இடம் இருக்கிறது. சொத்தின் சுவாதீனத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்து, பணம் திரும்பும் வரை அவர் அதை அனுபவித்துக்கொள்வது. பணம் வந்தால்தான் சாவி. ஒத்திக்காரருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு இல்லை.

ஆனால் அதே சட்டத்தின் 59-வது பிரிவு ஒரு நிபந்தனை போடுகிறது. 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். குறைந்தது 2 சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும்.

100 ரூபாய்க்கே பதிவு வேண்டும் என்கிறது சட்டம். 6 லட்சம் ரூபாயை, பதியாத தாளில் கொடுக்கிறது ஊர்!

ஏன் பதிவதில்லை? செலவுதான் காரணம். சுவாதீனத்துடன் கூடிய அடமானத்துக்கு முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 6 லட்சத்துக்கு 30 ஆயிரம் ரூபாய். "எதுக்குண்ணே வெட்டியா முப்பதாயிரம்? பத்திரத்துல எழுதிக்குவோம், நாங்க இருக்கோம்ல" என்பார் தரகர். தன் சொத்தில் வில்லங்கம் ஏறுவதை வீட்டுக்காரரும் விரும்புவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அதே 8 ஆயிரம் ரூபாய் வீட்டுக்கு 3 வருட வாடகை 2 லட்சத்து 88 ஆயிரம். ஒத்திக்குப் போனால் 3 வருட வட்டி நஷ்டம் 1 லட்சத்து 17 ஆயிரம். பதிவுச் செலவு முழுவதையும் குடியேறுகிறவரே ஏற்றாலும் மொத்தம் 1 லட்சத்து 47 ஆயிரம்தான். பதிந்த பிறகும் 1 லட்சத்து 41 ஆயிரம் ரூபாய் மிச்சம்!

மிச்சத்தில் மிச்சம் பிடிக்கப் போய், 6 லட்சத்தையும் ஆற்றில் விடுவதா?

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சுவாதீன ஒத்தியில், பணம் வராவிட்டால் வீட்டை விற்றுத் தரும்படி பொதுவாக வழக்குப் போட முடியாது. பணம் வரும் வரை இருந்துகொள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே, 'இன்ன தேதியில் பணத்தைத் திருப்பிக் கொடுப்பேன், அதற்கு நானே பொறுப்பு' என்ற வாசகத்தை வீட்டுக்காரர் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். வக்கீலிடம் கொடுத்துப் பத்திரம் தயாரிப்பது இதற்காகத்தான்.

கையெழுத்துப் போடுமுன்

ஒத்திக்குப் பணம் கொடுக்கு முன் பார்க்க வேண்டியவை வருமாறு:-

மூலப்பத்திரத்தை ஜெராக்ஸில் பார்த்தால் போதாது. அசலைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். "பீரோ சாவி ஊர்ல இருக்கு" என்றால், பத்திரம் பாங்கியில் இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் காசு இல்லாமலே பார்க்கலாம். பத்திரத்தை வைத்து வாங்கிய கடன், ஏற்கனவே பதிந்த ஒத்தி, கிரயம் எல்லாம் அதில் வரும். பாங்கி அடமானங்களைப் பதியும் 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவேட்டிலும் சிறு கட்டணம் கட்டித் தேடலாம்.

பட்டா யார் பேரில் என்று பார்க்க வேண்டும். பத்திரம் இறந்தவர் பேரில் இருந்தால் வாரிசுச் சான்று கேட்க வேண்டும். வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் பொறுத்திருப்பது நல்லது.

பேசுகிறவர் வீட்டுக்காரர்தானா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரருக்குத் தெரியாத வீட்டுக்காரர் கிடையாது. 'பவர் வைத்திருக்கிறேன்' என்று ஒருவர் வந்தால், அந்தப் பவர் பத்திரம் பதிவானதா, ஒத்தி வைக்க அதில் அதிகாரம் இருக்கிறதா, எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ கடனாக ரொக்கத்தில் வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. பாங்கி வழியாக, வீட்டுச் சொந்தக்காரர் கணக்குக்கே போக வேண்டும். தரகர் கணக்குக்கோ, மச்சினன் கணக்குக்கோ போகக் கூடாது.

வீட்டு வரி, தண்ணீர் வரி யார் கட்டுவது, ரிப்பேர் யார் பொறுப்பு என்பதையும் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

பணம் கைக்கு வருமுன் சாவியைக் கொடுக்கக் கூடாது. 'நாளைக்குப் போட்டுவிடுகிறேன்' என்ற பேச்சை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டால், பிடி போய்விடும்.

வாடகைக்கு இருப்போருக்கு

இத்தனை பாடு வேண்டாம், வாடகையே மேல் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் இப்போது புதுச் சட்டம் இருக்கிறது. 1960-ம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிய வேண்டும். ஒப்பந்தமே எழுதவில்லை என்பதை ஒரு காரணமாகக் காட்டிக் காலி செய்யக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே, 'வாய்ப்பேச்சே போதும்' என்று இருப்பது குடித்தனக்காரருக்குத்தான் ஆபத்து.

வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த 1 மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். தகராறு வந்தால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

'வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால்' என்ற வார்த்தையில்தான் சூட்சுமம். ஒப்பந்தத்தில் 10 மாத அட்வான்ஸ் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் எத்தனை பேர்?

வாடகையில் மாட்டினால் போவது சில மாத அட்வான்ஸ். ஒத்தியில் மாட்டினால் போவது மொத்தச் சேமிப்பு. வித்தியாசம் அதுதான்.

மதுரையில் இன்றைக்கும் பல வீடுகளில் ஒத்திப் பணம் சொன்ன தேதியில் சொன்னபடி திரும்பத்தான் செய்கிறது. நாணயமான வீட்டுக்காரர்களுக்குப் பஞ்சம் இல்லை. நாணயமானவர் என்றால், அசல் பத்திரத்தைக் காட்டவும், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவும் தயங்க மாட்டார்.

அங்கே வரத் தயங்குகிறவர் வீட்டில் பால் காய்ச்ச வேண்டாம்.